18 மாச வாடகையை ஒரேயடியாக் கேக்கிறாங்கள்: தொலைபேசி ஒப்பந்தத்தை முறிக்க இவ்வளவு கட்டோணுமா?

நிலாவெளி விடுதிக்காரன் | ஒக்டோபர் 4, இரவு 9.12

வணக்கம். திருகோணமலை நிலாவெளியில 9 அறையோட ஒரு விடுதி, நானும் மனிசியுமா நடத்திறம். ரெண்டரை வருஷத்துக்கு முதல், ஏப்ரலில, சீசன் தொடங்கிற நேரம் பார்த்து ஒரு தொலைபேசிக் கம்பனியில இருந்து சேல்ஸ் தம்பி ஒருத்தர் வந்தவர். பிஸ்னஸ் பெக்கேஜ் எண்டு ஒரு 026 லைன் (திருகோணமலைக் குறியீடு), இன்டர்நெட், வேலையாக்களுக்கு 4 சிம். 24 மாசம் கட்டாயம் வைச்சிருக்கோணும் எண்டார், அதுக்கு நான் ஓம் எண்டனான். டெப்பில, அதான் தொடுதிரையில, விரலால கையெழுத்து வாங்கினவர். கொப்பி ஈமெயிலில வரும் எண்டார். வரேல்ல, நானும் கேக்கேல்ல.

24 மாசம் இந்த வருஷம் மார்ச்சோட முடிஞ்சுது. சீசன் முழுக்க ஒழுங்காக் கட்டினன். இனி வாடைக்காத்தும் மழையும் தொடங்கினா புறாமலைத் தீவுக்குப் படகு ஓடாது, ஏப்ரல் வரைக்கும் எங்களுக்கு வருமானம் இல்லை. அதால எல்லாத்தையும் வெட்டச் சொல்லி டவுனில இருக்கிற கிளைக்குப் போனன். அங்க இருந்த பிள்ளை கொம்பியூட்டரைப் பார்த்துப்போட்டுச் சொல்லுது, ஒப்பந்தம் ஏப்ரலில தானாப் புதுப்பிச்சு இன்னொரு 24 மாசம் ஓடுதாம். 6 மாசம் போயிட்டுது, மிச்சம் 18. மாசம் 18,500 படி 333,000 ரூபா கட்டினாத்தான் வெட்டலாமாம்.

ரெண்டு அறைக்குக் கூரை மாத்த வைச்சிருக்கிற காசு கூட அவ்வளவு வராது. மனிசி ரெண்டு நாளா நித்திரை இல்லை. இதைக் கட்டித்தான் ஆகோணுமா? ஆருக்காவது இப்பிடி நடந்ததா?

மத்திய வீதி ஹாட்வெயார் | ஒக்டோபர் 4, இரவு 9.50

நடந்தது அண்ணா. எனக்கு வேற கம்பனி, கதை ஒண்டுதான். கடையைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாத்தின நேரம், புது இடத்துக்கு லைன் தர ஏலாது எண்டும் சொன்னாங்கள், முறிச்ச காசும் கேட்டாங்கள். 140,000 சொச்சம். கடைப் பேர் கெட்டுப்போகும் எண்ட பயத்தில ஒரு வார்த்தை பேசாமல் கட்டினன். அவங்களே சேவை தர ஏலாது எண்ட இடத்தில நான் ஏன் கட்டினன் எண்டு இப்பவும் நினைச்சு நினைச்சுக் கோபம் வரும். நீங்கள் கட்டாதேங்கோ. குறைஞ்சது கணக்கைக் கேளுங்கோ.

கிண்ணியா மீன்வாடி | ஒக்டோபர் 4, இரவு 10.21

அண்ணன், எதுக்குப் பயப்படுறீங்க. சிம்மைக் கழட்டி எறிஞ்சிட்டு பில்லைக் கட்டாம விடுங்க. ரெண்டு மூணு கடிதம் வரும், லோயர் நோட்டிஸ் ஒண்டு வரும், பொறகு சத்தம் இல்ல. இந்தக் காசுக்கு கொழும்பில இருந்து வந்து திருகோணமலையில வழக்குப் போட மாட்டானுகள். நம்ம வாடியில அப்படித்தான் செஞ்சம்.

கோட்டடி | ஒக்டோபர் 4, இரவு 11.05

கிண்ணியா நானா சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இங்கே நீதிமன்றத்தில் பயிற்சி பெறுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எழுத்திலான ஒப்பந்தத்தின் மீது வழக்குப் போட 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டப்படி 6 வருடம் இருக்கிறது. ஆறு மாதம் சத்தம் இல்லை என்றால் முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. அதுமட்டுமல்ல, பேசாமல் கட்டாமல் விட்டால் "பாக்கிக்காரர்" நீங்கள். எழுத்தில் மறுத்துவிட்டு, மறுக்காத பங்கைக் கட்டினால் அது "தகராறு". பின்னால் யார் முன்னால் போய் நின்றாலும் இந்த வேறுபாடுதான் உங்களைக் காப்பாற்றும்.

அதற்காக நோட்டிஸைக் கண்டு நடுங்கவும் வேண்டாம். வங்கிகள் கடனை விரைவாக அறவிடப் பாவிக்கிற 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டம் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்குரியது. தொலைபேசிக் கம்பனி அதன் கீழ் வர முடியாது, சாதாரண வழியில்தான் வர வேண்டும். இந்த அளவு தொகை என்றால் வழக்குக்கு முதல் மத்தியஸ்த சபைக்கும் போக வேண்டி வரும். அங்கே சட்டத்தரணி யாரும் உங்களுக்கு எதிராக எழும்பி நிற்க முடியாது, நீங்கள் உங்கள் வாயால் உங்கள் பக்கத்தைச் சொல்லலாம்.

ஒன்று கேட்கிறேன் அண்ணா: "தானாகப் புதுப்பிக்கப்பட்டது" என்று சொன்னார்களே, அந்த வரியை உங்களுக்குக் காட்டினார்களா?

நிலாவெளி விடுதிக்காரன் | ஒக்டோபர் 5, காலை 6.40

இல்லைத் தங்கச்சி. கொம்பியூட்டர் திரையில "24" எண்டு இருந்ததைத்தான் காட்டினவை.

கோட்டடி | ஒக்டோபர் 5, காலை 7.15

திரை ஒப்பந்தம் ஆகாது. நீங்கள் கையெழுத்திட்ட ஆவணத்தையும் அதோடு சேர்ந்த நிபந்தனைகளையும் முழுமையாகக் கேளுங்கள். அது கையில் வரும்வரை "ஓம், கட்டுகிறேன்", "கொஞ்சம் குறையுங்கோ", "தவணையில் தாங்கோ" என்று எதுவும் சொல்ல வேண்டாம். தொலைபேசியிலும் சொல்ல வேண்டாம். குறைக்கச் சொல்லிக் கேட்டாலே கடனை ஒத்துக்கொண்டதாக அதைப் பிறகு காட்டுவார்கள்.

டெப்பில் போட்ட கையெழுத்து செல்லாது என்று இதில் யாரும் எழுதிவிட முதல் நானே சொல்கிறேன். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுப் பரிமாற்றச் சட்டத்தின் கீழ் அது செல்லும். ஆனால் அதே சட்டத்தால் உங்கள் ஈமெயிலுக்கும் பெறுமதி உண்டு.

பழைய லைன்மேன் | ஒக்டோபர் 5, பகல் 1.30

நான் இந்தத் துறையில 14 வருஷம் வேலை செய்தவன், முதல் லைன், பிறகு வியாபார வாடிக்கையாளர் பகுதி. கம்பனிப் பேர் வேண்டாம். உள்ளுக்கு நடக்கிறதைச் சொல்றன்.

ஏன் 24 மாசம் எண்டு கட்டுறாங்கள்? புது இடத்துக்கு வயர் இழுக்கோணும், றவுட்டர் குடுக்கோணும், சேல்ஸ் ஆளுக்குக் கொமிஷன் குடுக்கோணும். அதை முதல் மாசம் உங்களிட்ட வாங்காமல், மாச வாடகைக்குள்ள மெல்ல மெல்ல எடுக்கிறது. நீங்கள் 5ஆம் மாசம் விட்டுட்டுப் போனா அந்தக் காசு வராது. அதுக்குத்தான் முறிப்புக் கட்டணம். அதில நியாயம் இருக்கு, நான் மறுக்கேல்ல.

ஆனா 24 மாசம் கட்டி முடிச்ச ஆளிட்ட அந்தச் செலவு எல்லாம் எப்பவோ வந்திட்டுது. ரெண்டாவது 24 மாசத்துக்குப் புது வயர் இழுத்தாங்களா? புது றவுட்டர் தந்தாங்களா? ஒண்டும் இல்லையெண்டா எந்த நட்டத்துக்குக் கேக்கிறாங்கள்? சேவையை வெட்டின பிறகு அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுக்கலாம், உங்களுக்குச் சேவை தாற செலவும் அவைக்கு மிச்சம். முழு வாடகையும் எப்பிடி நட்டமாகும்?

இன்னொண்டு. இடையில ஏதாவது "அப்கிரேட்" எண்டு போன், றவுட்டர் வாங்கினீங்களா? அந்த நேரம் வைச்ச கையெழுத்தில புது 24 மாசம் ஒளிஞ்சிருக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ.

நிலாவெளி விடுதிக்காரன் | ஒக்டோபர் 5, பின்னேரம் 5.55

ஓம் அண்ணா, வாங்கினனான். போன வருஷம் ஓகஸ்டில ரெண்டு போன், வரவேற்பில நிக்கிற பெடியனுக்கும் படகு பாக்கிற பெடியனுக்கும். அது 24 மாசத் தவணை, அதுக்கு வேற படிவம், அந்தக் கொப்பி என்னட்ட இருக்கு. லைனைப் பற்றி அதில ஒண்டும் இல்லை, போனைப் பற்றி மட்டும்தான்.

கணக்குப்பிள்ளை, மூன்றாம் கட்டை | ஒக்டோபர் 5, இரவு 8.10

தம்பி, அப்ப அந்த 18,500க்குள்ள போன் தவணையும் இருக்கோணும். கடைசி பில்லை எடுத்து வரி வரியாப் பிரிச்சு இதில போடுங்கோ. வரி எவ்வளவு எண்டும் பாருங்கோ.

நிலாவெளி விடுதிக்காரன் | ஒக்டோபர் 5, இரவு 8.48

லைனும் இன்டர்நெட்டும் 6,900. சிம் 4, ஒண்டு 1,300 படி 5,200. போன் தவணை ரெண்டுக்கும் 6,400. எல்லாம் சேர்த்து 18,500. லைனுக்கும் சிம்முக்கும் வரி உள்ளுக்குள்ள சேர்ந்துதான் இருக்கு.

கணக்குப்பிள்ளை, மூன்றாம் கட்டை | ஒக்டோபர் 5, இரவு 9.30

பார்த்தீங்களா. போன் தவணை ஓகஸ்டில தொடங்கி இந்த செப்டெம்பர் வரை 14 கட்டியாச்சு. மிச்சம் 10 தான். 6,400 x 10 = 64,000. ஆனா அவை 18,500ஐ அப்பிடியே 18ஆல பெருக்கி இருக்கினம், அதாவது போனுக்கு 6,400 x 18 = 115,200 கேட்டிருக்கினம். ஒப்பந்தம் புதுப்பிச்சது சரி எண்டே வைச்சாலும் இதில மட்டும் 51,200 ரூபா பிழை. இதைக் கிளையில ஒருத்தரும் பார்க்கேல்ல.

மிச்சம் 12,100 x 18 = 217,800. இதுக்குள்ள வரியும் இருக்கு. 2024 ஜனவரியில இருந்து வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம். வழங்காத சேவைக்கு, வரியையும் சேர்த்துப் பெருக்கினது எந்த அடிப்படையில எண்டு எழுத்தில கேளுங்கோ. பதில் என்னவாயும் இருக்கட்டும், கேள்வி கேட்டா ஒரு கணக்காளர் அங்க இருந்து இதைத் திரும்ப எடுத்துப் பார்க்கோணும். அதுதான் எங்களுக்கு வேணும்.

தம்பி, போன் காசு 64,000 உங்கட கடன். அதை வாங்கிப் பாவிச்சிருக்கிறீங்கள், அதைக் கட்டத்தான் வேணும். அதை ஒத்துக்கொண்டு மற்றதை மறுத்தா உங்கட பேச்சுக்கு மதிப்பு வரும்.

லண்டன் திருமலையான் | ஒக்டோபர் 6, அதிகாலை 2.14

நான் பாலையூற்றில பிறந்து இப்ப லண்டனில சின்னக் கடை வைச்சிருக்கிறன். இங்க ஒஃப்கொம் எண்ட ஒழுங்குபடுத்தும் அமைப்பு இப்பிடித் தானாகப் புதுக் கட்டாயக் காலத்துக்குள்ள உருளுற ஒப்பந்தத்தை 2011 டிசம்பர் 31இல இருந்து தடை செய்திட்டுது. வீட்டுக்காரருக்கு மட்டும் இல்லை, 10 பேர் வரைக்கும் வேலை செய்யிற சின்ன வியாபாரத்துக்கும். 2020 பெப்ரவரியில இருந்து ஒப்பந்தம் முடியப் போகுது எண்டு கம்பனி முன்கூட்டியே சொல்லவும் வேணும். அதால இங்க எங்களுக்குக் கேட்க ஒரு வழி இருக்கு.

ஊரில அந்தச் சட்டம் இல்லை எண்டு தெரியும். ஆனா சின்னக் கடைக்காரனும் பெரிய கம்பனிக்கு முன்னால வீட்டுக்காரன் மாதிரித்தான் எண்டு ஒரு நாடு ஒத்துக்கொண்டிருக்கு. எங்கட ஆக்களுக்கும் அது கிடைக்கோணும்.

கிண்ணியா மீன்வாடி | ஒக்டோபர் 6, காலை 8.02

தங்கச்சி சொன்னது சரி, நான் அவசரப்பட்டு எழுதிட்டன். நம்ம நோட்டிஸையும் எடுத்துப் பார்க்கணும் போல. ஒரு கேள்வி: நியாயமில்லாத ஒப்பந்த நிபந்தனைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு எண்டு கேள்விப்பட்டன். அதைப் போட்டு அடிக்க ஏலாதா?

கோட்டடி | ஒக்டோபர் 6, பகல் 12.40

இருக்கிறது நானா, 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. அது முக்கியமாகப் பிடிப்பது ஒரு தரப்புத் தன் பொறுப்பைக் கழற்றிவிடுகிற நிபந்தனைகளை. "லைன் எத்தனை நாள் அறுந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை" என்பது போன்றவை நியாயமானவைதானா என்று பார்க்கும். முறிப்புக் கட்டணத்தை நேரடியாகத் தூக்கி எறிய அது உதவாது.

கட்டணத்துக்கு எதிராக இருப்பது வேறு வாதம். ஒப்பந்தத்தை முறித்தால் இவ்வளவு என்று முன்கூட்டி எழுதிய தொகை உண்மையான நட்டத்தின் நியாயமான மதிப்பீடா, அல்லது பயமுறுத்தி வைத்திருக்கப் போட்ட தண்டமா என்பது. லைன்மேன் ஐயா சொன்ன கேள்வியும் இதுதான், அவர் சட்ட வார்த்தை போடாமல் சொல்லிவிட்டார்.

அண்ணா, உங்கள் லைன் எப்போதாவது நாள்கணக்கில் அறுந்ததா?

நிலாவெளி விடுதிக்காரன் | ஒக்டோபர் 6, இரவு 7.20

போன டிசம்பர் மழையில 11 நாள். முறைப்பாட்டு இலக்கம் எஸ்எம்எஸ்ஸில இருக்கு, மூண்டு தரம் அடிச்சனான். அந்த மாசமும் முழுக் காசுதான் எடுத்தவை.

உப்புவெளி தையல் | ஒக்டோபர் 6, இரவு 9.05

எல்லாரும் கணக்கும் சட்டமும் கதைக்கிறீங்கள், நான் ஒண்டு சொல்லட்டா. எனக்கும் போன வருஷம் ஒரு படிவம் நீட்டினாங்கள், 9 பக்கம், முழுக்க இங்கிலீஷ். வந்த பிள்ளை எங்கட பிள்ளைதான், நல்லாத் தமிழ் கதைக்குது, அலஸ்தோட்டத்துப் பிள்ளை. "அன்ரி, இதில ஒண்டும் இல்லை, சும்மா சைன் வைங்கோ" எண்டுது. சொன்னது தமிழில, எழுதினது இங்கிலீஷில. பிறகு பிரச்சினை வந்தா எழுதினதுதான் செல்லுமாம். என்ர பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னன், அவள் ரெண்டாம் பக்கத்திலயே "அம்மம்மா, இது மூண்டு வருஷம்" எண்டாள். அந்தப் பிள்ளை சொன்னது ஒரு வருஷம். நான் கையெழுத்து வைக்கேல்ல. ஆனா பேத்தி இல்லாத வீடு எத்தனை?

முறைப்பாட்டையாவது தமிழில எழுதலாமா? எனக்குத் தெரிஞ்ச எத்தினையோ பேர் இங்கிலீஷில எழுத வேணும் எண்ட பயத்திலயே விட்டிடுகினம்.

கோட்டடி | ஒக்டோபர் 6, இரவு 10.30

தாராளமாக எழுதலாம் அன்ரி. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அரச நிறுவனம். தமிழ் அரச கரும மொழி. தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. கம்பனிக்கும் தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்க்கிற வேலை அவர்களுடையது. "எனக்கு இந்த நிபந்தனை தமிழில் சொல்லப்படவில்லை, ஒரு வருடம் என்றே சொல்லப்பட்டது" என்பதையும் அதில் எழுத வேண்டும்.

அண்ணா, இதோ கடிதம். உங்கள் விபரத்தைப் போட்டுப் பதிவுத் தபாலில் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள், அதையே ஈமெயிலிலும் அனுப்புங்கள்:

"என் கணக்கை முடிக்கக் கேட்டபோது 333,000 ரூபா செலுத்த வேண்டும் என வாய்மூலம் கூறப்பட்டது. இத்தொகையை நான் ஏற்கவில்லை. நான் கையெழுத்திட்ட ஆவணத்தின் முழுப் பிரதியையும், புதுப்பித்தல் பற்றிய நிபந்தனையையும், புதுப்பித்தல் பற்றி எனக்கு முன்கூட்டி அறிவித்ததற்கான சான்றையும், இத்தொகை கணக்கிடப்பட்ட முறையையும் 14 நாட்களுக்குள் அனுப்பவும். இரு கைத்தொலைபேசிகளின் மீதித் தவணை 64,000 ரூபாவை நான் மறுக்கவில்லை, அதைச் செலுத்தத் தயாராக உள்ளேன். டிசம்பரில் 11 நாட்கள் சேவை கிடைக்காமைக்கான கழிவையும் கணக்கில் சேர்க்கவும். இக்கடிதத் திகதியில் இருந்து சேவையை முடிக்குமாறு அறிவித்தல் தருகிறேன்."

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். சண்டை பிடிக்கிற மும்முரத்தில் முறையான அறிவித்தல் கொடுக்க மறந்து, மாதா மாதம் பில் ஏறிக்கொண்டு போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் வராவிட்டால் ஆணைக்குழு, தொலைபேசி 1900. முதலில் கம்பனியிடம் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள், அதற்குப் பதிவுத் தபால் துண்டு. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977. இன்னொரு வழியும் உண்டு: கம்பனிகளின் கட்டணங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக்கு உட்பட்டவை. இந்த முறிப்புக் கட்டணம் அப்படி அனுமதிக்கப்பட்டதா என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆணைக்குழுவிடமே கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

நிலாவெளி விடுதிக்காரன் | ஒக்டோபர் 8, பகல் 3.10

தபால் கந்தோரில இருந்து எழுதிறன். அனுப்பியாச்சு. துண்டைப் படம் எடுத்து மனிசிக்கும் அனுப்பிட்டன். எல்லாருக்கும் நன்றி.

நிலாவெளி விடுதிக்காரன் | நவம்பர் 2, இரவு 8.25

25 நாளாப் பதில் இல்லை. இடையில ஒரு பிள்ளை போன் எடுத்து, "ஐயா, 200,000 கட்டினா முடிச்சுத் தாறம், இண்டைக்கு மட்டும்தான்" எண்டுது. தங்கச்சி சொன்னதை நினைச்சு, "எழுத்தில அனுப்புங்கோ" எண்டு மட்டும் சொன்னன். அனுப்பேல்ல. பொருளைப் போல விலை குறைக்கினம் எண்டா முதல் சொன்ன தொகைக்கு அடிப்படையே இல்லைத்தானே. ஆணைக்குழுவுக்குத் தமிழில எழுதி, எல்லாக் கொப்பியும் சேர்த்து இண்டைக்கு அனுப்பினன்.

பழைய லைன்மேன் | நவம்பர் 2, இரவு 9.00

அந்த அழைப்பு வந்த நேரம், இலக்கம், சொன்ன தொகை எல்லாம் ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. "இண்டைக்கு மட்டும்" எண்டு சொல்றது அங்க எல்லாருக்கும் குடுக்கிற வசனம்.

நிலாவெளி விடுதிக்காரன் | நவம்பர் 27, இரவு 7.45

ஒப்பந்தம் வந்திட்டுது. பிடிஎப், 11 பக்கம். மகளும் நானும் இருந்து வாசிச்சம். முதலாம் பக்கத்தில "ஆரம்பக் காலம் 24 மாதம்" எண்டு இருக்கு. ஏழாம் பக்கத்தில, ஆரம்பக் காலம் முடிஞ்ச பிறகு, ஒரு தரப்பு 30 நாள் அறிவித்தல் தரும் வரைக்கும் ஒப்பந்தம் "தொடரும்" எண்டு இருக்கு. அவ்வளவுதான். இன்னொரு 24 மாசம் எண்டு எங்கயும் இல்லை. மூண்டு தரம் தேடினம்.

கோட்டடி | நவம்பர் 27, இரவு 8.02

அப்படியானால் முறிப்புக் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை அண்ணா. 30 நாள் அறிவித்தலை நீங்கள் ஒக்டோபர் 8ஆம் திகதியே கொடுத்துவிட்டீர்கள். பக்க இலக்கம் போட்டு இன்றைக்கே பதில் எழுதுங்கள், ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி.

மத்திய வீதி ஹாட்வெயார் | நவம்பர் 27, இரவு 8.30

அண்ணா, நான் கட்டின 140,000க்கு ஒருக்காலும் அந்தப் பக்கத்தைக் கேக்கேல்ல. நாளைக்கு என்ர படிவத்தைக் கேட்டு எழுதப்போறன். கட்டின பிறகும் கேக்கலாம்தானே?

கோட்டடி | நவம்பர் 27, இரவு 8.41

கேட்கலாம். எப்போது கட்டினீர்கள், ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

நிலாவெளி விடுதிக்காரன் | டிசம்பர் 19, இரவு 9.10

கம்பனிக் கடிதம் இண்டைக்கு வந்தது. 333,000ஐ விலக்கிட்டினம். அறிவித்தல் மாசத்துக்கு லைனும் சிம்மும் 12,100. அதில 11 நாள் கழிவு 2,530 போக 9,570. போன் மிச்சம் 64,000. மொத்தம் 73,570. நேற்றே வங்கியால கட்டத் தயாராத்தான் இருந்தனான், இண்டைக்குக் கட்டிட்டன், "கணக்கில் நிலுவை இல்லை" எண்டு எழுத்தில தரச் சொல்லிக் கேட்டிருக்கிறன்.

கணக்குப்பிள்ளை, மூன்றாம் கட்டை | டிசம்பர் 19, இரவு 9.32

2,530 சரி. 6,900ஐ 30ஆல பிரிச்சு 11ஆல பெருக்கினா அதுதான். நிலுவை இல்லை எண்ட கடிதம் வரும் வரைக்கும் பழைய பில் ஒண்டையும் எறியாதேங்கோ தம்பி.

உப்புவெளி தையல் | டிசம்பர் 19, இரவு 10.04

தம்பி, மனிசி இப்ப நித்திரை கொள்ளுறாவா?

நிலாவெளி விடுதிக்காரன் | டிசம்பர் 19, இரவு 10.20

கொள்ளுறா அக்கா. ஒரு கவலை மட்டும் மிச்சம். அந்த 026 இலக்கம் எங்கட பலகையில, வழிகாட்டிப் புத்தகங்களில, பழைய விருந்தாளிகளின்ர போனில எல்லாம் இருக்கு. லைனை வெட்டினதோட அதுவும் போகுது. ஏப்ரல் வரைக்குமாவது அந்த இலக்கத்தை வேற ஆளுக்குக் குடுக்காமல், புது இலக்கத்தைச் சொல்லுற அறிவிப்பு ஒண்டு போட்டுத் தரச் சொல்லி எழுதியிருக்கிறன். லைன்மேன் அண்ணா, அது உள்ளுக்கு ஆரிட்டக் கேக்கோணும்?